மருந்து இலவசம், வழிக்குக் காசு

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று 2021 மே மாதம் ஆணை வந்தது. அடுத்த மாதமே திருநங்கைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆணையில் நீண்டநாள் நோயாளி என்றொரு ஆள் இல்லை. ரெண்டு கிட்னியும் போன ஆம்பளைக்கு அதில் இடமில்லை. பொம்பளையாகவே இருந்தாலும், பெரியாஸ்பத்திரிக்குப் போக மப்சல் பஸ் ஏறினால் முழு டிக்கெட் என்றுதான் அந்தத் திட்டம் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே. டயாலிசிஸ் வாரம் மூன்று தடவை என்றால் வருஷத்துக்கு 156 நாள். போக வர, நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்குமாக 624 டிக்கெட். துணைக்கு வருகிறவருக்கு 156 நாள் கூலியும் போச்சு. காசநோய்க்கு மாத்திரை இலவசம். சத்தாகச் சாப்பிடச் சொல்லி 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அது 1000 ஆனது. முட்டைக்கு என்று வந்த காசு பஸ்ஸுக்குப் போகிறது. மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும். அப்போது ‘பொறுப்பில்லாத சனம்’ என்று நம்மைத்தான் ஏசுவார்கள்.

நோய்க்குச் சாதி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கல்குவாரித் தூசியை நெஞ்சில் வாங்கியது யார்? சாக்கடைக்குள் இறக்கப்பட்டது யார்? உச்சி வெயிலில் செங்கல் சூளையில் நின்றது யார்? உழைப்பை வாங்கியவன் உடம்பு கெட்ட பிறகு பஸ் காசுகூடத் தருவதில்லை.

நட்டம் வரும் என்பார்கள். புற்றுநோய், காசநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் சிகிச்சைக்குப் போக ரயிலில் கட்டணச் சலுகை இருக்கிறது. 2020-ல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் நோயாளிகள் சலுகையை ரயில்வே தொடவில்லை. சரி, சேரிக்கு ரயிலா வருகிறது? இலவசம் என்றாலே இளப்பமாகப் பேசுகிற வாய்களும் உண்டு. 2022-ல் ஓர் அமைச்சரே மேடையில் ‘ஓசி’ என்றார். தீப்பெட்டிக்குக்கூட வரி கட்டுகிறவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

பஸ்ஸில் ஏறுவது நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. தாழ்த்தப்பட்டவரை ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று 1930 வாக்கில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் சவுந்தரபாண்டியனார் உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கே தென்மாவட்டங்கள் பற்றியெரிந்தன. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்து எடுத்தார்கள். நம் பெயரைத் தாங்காத பஸ், நம் நோயாளியையாவது தாங்கட்டும்.

நாம் கேட்பது இதுதான். நீண்டநாள் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும், மப்சல் பஸ் உட்பட, இலவசப் பயணம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரிச் சீட்டே போதும் என்றாக்க வேண்டும். சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலையவிடக் கூடாது. கொடுக்கும் அட்டையில் நோயின் பெயரை எழுதக் கூடாது. எச்ஐவி, காசம், தொழுநோய் என்று கண்டக்டர் பஸ்ஸுக்குள் வாசித்தால் பக்கத்து சீட்டு காலியாகும். பார்த்ததும் ஒதுங்கிப்போவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழைய தீட்டுக்குப் புது அட்டை அடித்துக் கொடுக்காதீர்கள்.