பட்டை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் கலர் கலராகப் பட்டைப் படங்கள் வந்து விழுகின்றன. "அரியலூர் கெத்து" என்று ஒருவர் போட, பெரம்பலூர்க்காரர் பழைய படத்தைத் தேடி எடுத்துப் போடுகிறார். இரண்டு பக்கமும் என் பிள்ளைகள்தான், அதனால் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் படங்களில் பாதி ஏமாற்று வேலை.

2024இல் அரியலூர் 97.31 சதவீதத்துடன் முதலிடம், சிவகங்கை 97.02 உடன் இரண்டாமிடம். செங்குத்து அச்சை 97இல் தொடங்கிப் பட்டை வரைந்தால் அரியலூரின் உயரம் 0.31, சிவகங்கையின் உயரம் 0.02. பதினைந்து மடங்குக்கு மேல்! பார்க்கிறவர் சிவகங்கையில் யாருமே பாஸாகவில்லை என்றுதான் நினைப்பார். அதையே பூஜ்ஜியத்தில் தொடங்கி, 100 சதவீதத்துக்கு 10 செ.மீ. என்று கிராஃப் தாளில் வரைந்து பாருங்கள். வித்தியாசம் 0.3 மி.மீ. கூட வராது. உங்கள் பையன் எழுதுகிற மைக்ரோடிப் பென்சிலின் லெட்டே 0.5 மி.மீ. பென்சில் கோட்டுக்குள் மறைந்துபோகிற வித்தியாசத்துக்குத்தான் இத்தனை ஃபிளெக்ஸும் வசவும்.

"மேலே எண் போட்டிருக்கே சார்" என்பீர்கள். கண் முதலில் அளப்பது நீளத்தை. எண்ணைப் படிப்பது அப்புறம். கோட்டுப்படத்தில் அச்சை நடுவில் தொடங்கலாம், அங்கே பார்ப்பது ஏற்ற இறக்கம். பட்டையில் நீளம்தான் கணக்கு. அடியை வெட்டினால் கணக்கே பொய்.

ஐந்து மாவட்டத் தேர்ச்சி வீதத்தை வட்டப்படத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 97ஐயும் 97ஐயும் கூட்டினாலே 194. எந்தத் தோசையைப் பங்கு போடுகிறீர்கள்?

2023இல் பெரம்பலூர் முதலிடம், 97.67. மறு ஆண்டு அரியலூர் முதலிடம், 97.31. இரண்டையும் ஒட்டி வைத்து யார் பெரியவர் என்று கேட்கிறார்கள். வினாத்தாள் வேறு, எழுதிய பிள்ளைகள் வேறு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றுக்கு. இந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுவது. 2023 பிளஸ் டூ மொழித்தாளுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவே இல்லை. அவர்கள் எந்தப் பட்டையிலும் இல்லை. பட்டையை ஏற்று, ஏற்று என்று பள்ளிகளை நெருக்கினால், படிப்பு வராத பிள்ளை தேர்வுக்கு வராமல் இருப்பதே நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஒரு ஆசிரியருக்கு அந்த எண்ணம் வரலாமா?

பெருமைப்பட வேண்டுமா? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு மாநிலத்துக்கு 80.09, பெரம்பலூருக்கு 74.32, அரியலூருக்கு 71.34. எழுத்தறிவில் அவ்வளவு பின்னால் நின்ற இரண்டு மாவட்டங்கள்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் முதலிடம் வந்தன. இந்த மூன்று பட்டைகளையும் தேர்ச்சி வீதத்துக்குப் பக்கத்தில் யாராவது வரைந்து குரூப்பில் போடுங்கள். பூஜ்ஜியத்திலிருந்து.