நெட் வராதாம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றாலும் ஒரே பல்லவிதான்: “லினக்ஸ் போட்டா நெட் வராது தம்பி.” 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கடைக்கு வந்ததும் நடந்த முதல் ‘சர்வீஸ்’ அதை அழிப்பதுதான்.

வராது என்று சொல்கிறவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். வைஃபை ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றிலும் அதுவேதான். ஊருக்கே நெட் கொடுக்கிறது, அதற்கு மட்டும் வராதாம்.

“விண்டோஸ்ல எல்லாம் தானா வரும்ல?” என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வாதம் இது. தானாக வருமென்றால் மேசை டிராயரில் அந்த டிரைவர் பென்டிரைவ் எதற்கு அண்ணாச்சி? விண்டோஸ் 7 போட்டு முடித்ததும் லேனும் இல்லாமல் வைஃபையும் இல்லாமல் மதர்போர்டு சிடியைத் தேடி அலைந்ததெல்லாம் மறந்துபோச்சா? 2021இல் வந்த விண்டோஸ் 11 ஹோம் அதற்கும் ஒரு படி மேல். நெட் கொடுத்தால்தான் அடுத்த திரைக்கே விடுவேன் என்று நிறுவும்போதே மறிக்கும். அந்த மாடல் வைஃபைக்கான டிரைவர் அதனிடம் இல்லாவிட்டாலோ தீர்ந்தது: டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். அங்கே அதை டிரைவர் கோளாறு என்று பொறுமையாகச் சரிசெய்வார்கள். இங்கே அதே கோளாறு வந்தால் லினக்ஸே குப்பை. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராவிட்டால், கிணற்றில் தண்ணீர் இல்லை என்று எந்தக் கரிசல்காட்டுச் சம்சாரியும் சொல்ல மாட்டார்.

“டெர்மினல்ல டைப் அடிக்கணுமே?” அடிக்கணும். பில் போட அடிக்கிற விரல்தானே?

“வைஃபை சிப்பையே காட்டலையே?” பிராட்காம், ரியல்டெக் சிப் பலவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் அல்லது டிரைவர் வேண்டும். பாஸுக்கு அடிப்படையான டெபியன், உரிமக் கொள்கையால் அந்த ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே வைத்திருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதுவும் சேர்ந்தே வருகிறது. பழைய பதிப்பாக இருந்தால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங்கைத் தட்டுங்கள். பெரும்பாலும் வயர் இணைப்பு போலவே எடுத்துக்கொள்ளும். அதை வைத்து ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டு ஓஎஸ்ஸும் இருக்கிற கணினியில் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ முழுதாக ஷட்டவுன் ஆகவிடாது. அதனாலேயே சில வைஃபை கார்டுகள் லினக்ஸில் எழுந்திருக்காது. அதை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வைஃபை இணைந்தும் பக்கம் திறக்கவில்லையா? 8.8.8.8-க்குப் பிங் போடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது ‘நெட் வராது’ என்றால் எந்த சிப், எந்த கெர்னல் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் ஃபார்மட் அடிக்கக் காசு கொடுக்காதீர்கள்.