டிராக்டர் வந்தது, முறை வந்ததா?

தமிழக அரசு 2017-18ல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் இணைந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. பொதுவில் பண்ணைக் கருவிகள் வாங்க அதற்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி. நல்ல திட்டம்தான். ஆனால், வாங்கிய வண்டி யாருக்கு முதலில் ஓடும் என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். பல குழுக்கள் சறுக்குவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 2 ஏக்கர் என்றால் மொத்தம் 200 ஏக்கர். டிராக்டர் நாளொன்றுக்கு 8 ஏக்கர் ஓட்டினாலும் 25 நாள் ஆகும். மானாவாரிக் கரிசலில் உழவுப் பதம் ஒரு வாரம் நின்றாலே பெரிது. அதற்குள் ஐம்பது, அறுபது ஏக்கர் முடியும். மற்றவர்கள் வெளியே வாடகை வண்டி தேட வேண்டும். பட்டம் தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் பார்த்த ஒரு குழுவில் டிராக்டர் தலைவர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. முதல் உழவு அவருக்கு, அடுத்தது பங்காளிகளுக்கு. மூன்றாம் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

இந்தச் சிக்கலை நம் ஊர்கள் முன்பே தீர்த்திருக்கின்றன. தென் மாவட்டக் கண்மாய்களில் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் பொறுப்பு நீர்க்கட்டியுடையது. பல ஊர்களில் அவருக்கு ஆயக்கட்டில் நிலம் இருக்காது என்பதால் எந்த வயல் மீதும் தனிச் சலுகை கிடையாது. கூலி, அறுவடையில் நெல்லாக. தண்ணீர் குறைந்தால் முறைவைத்துப் பாய்ச்சுவார், பெரிய சம்சாரியும் காத்திருக்க வேண்டியதுதான். (அந்த ஏற்பாட்டில் சாதி ஏற்றத்தாழ்வும் இருந்தது. அதை மறைக்க வேண்டாம்.) சமூகப் புத்தாக்கம் என்று கருத்தரங்குகளில் பேசும்போதெல்லாம் எனக்கு நீர்க்கட்டிதான் நினைவுக்கு வருகிறார்.

வண்டிக்கும் அப்படி ஒருவர் வேண்டும். முறை எழுதும் நோட்டு தலைவரிடம் இருக்கக் கூடாது. குழுவில் நிலமில்லாத ஒருவரை, உள்ளூர் மகளிர் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணையே கூட, சம்பளத்துக்கு அமர்த்தலாம். வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். இந்தப் பட்டத்தில் கடைசியாக வந்தவருக்கு அடுத்த பட்டத்தில் முதல் முறை. வாடகையில் ஒரு பங்கைப் பழுதுபார்க்க ஒதுக்குங்கள்.

ஆய்வுக்குப் போகும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியோடு நின்று படம் எடுக்கும் முன் அந்த நோட்டைக் கேளுங்கள். குத்தகைக்கு உழுபவர் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புரட்டாசி மழைக்கு முன்பே வரிசை ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட வேண்டும். மழை விழுந்துவிட்டால் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள், வண்டி நிற்கும் வீட்டுக்குத்தான் போவார்கள்.