இடக்கரடக்கலும் ஆறாத புண்ணும்

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. முதலாவதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற சொல்லை வேறொரு சொல்லால் மூடிச் சொல்வது. 'கால் கழுவி வந்தான்' என்பது பாடநூல் தரும் எடுத்துக்காட்டு. தொல்காப்பியம் இத்தகைய சொல்லை அவையல் கிளவி என்கிறது. அவையில் சொல்லத் தகாதது. பல ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்தி வருகிறேன். இந்த இலக்கணத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்த அவையில் உட்கார்ந்திருந்தது யார்? மூடிச் சொன்னதால் கூச்சம் தப்பியது யாருக்கு, புண் தங்கியது யாருக்கு?

மூடாமலே தொடங்குகிறேன். ஆசனவாயில் வெடிப்பு. மருத்துவர்கள் ஃபிஷர் என்கிறார்கள். இறுகிய மலம் வெளியேறும்போது ஆசனவாயின் உள்தோல் கிழிகிறது. கிழிசல் சிறியதுதான். ஆனால் அந்த இடத்தில் வலி உணரும் நரம்புகள் நிறைய. வலியில் உள்சுருக்குத் தசை இறுகிக்கொள்கிறது. இறுகிய தசையில் ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் போய்ச் சேராத புண் ஆறாது. வலிக்குப் பயந்து அவள் அடக்குகிறாள், அடக்கிய மலம் இன்னும் இறுகுகிறது, மறுநாள் அதே இடம் மறுபடி கிழிகிறது. ஆறு, எட்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் அதற்கு நாள்பட்ட வெடிப்பு என்று பெயர்.

பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு இது வருவது வெகு சாதாரணம். கர்ப்ப காலத்தில் 180 நாளும் பிள்ளை பெற்ற பின் இன்னொரு 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரை போடச் சொல்கிறது அரசுத் திட்டம். ரத்தசோகை இருக்கிற இருப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்த மாத்திரை பலருக்கு மலத்தை இறுக்கும் என்று எத்தனை பேர் அவளிடம் சொல்கிறார்கள்? 'மாத்திரை ஒழுங்காப் போடுறியா?' என்று கேட்கிறவர்கள் 'ஒழுங்கா வெளிக்குப் போறியா?' என்று கேட்பதில்லை. அது இடக்கர்.

நம் ஊரில் பின்பக்கத்து நோய் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், மூலம். மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் போகும். வெடிப்பில் கண்ணாடித் துண்டு வெளியே வருவதுபோல் அறுக்கும். பவுத்திரம் என்பது சீழ் வடிகிற புரை. மலக்குடல் புற்றிலும் ரத்தம் போகும். நான்கையும் 'உடம்புச் சூடு' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, துத்திக்கீரையை வதக்கிக் கொடுத்து, கருவாட்டையும் இறாலையும் அவள் தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். ரத்தம் பெண்ணுக்குப் புதிதா என்ன, மாதாமாதம் பார்க்கிறவள்தானே என்று அவளும் இருந்துவிடுவாள். 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று மஞ்சள் தாளில் அடித்த சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எங்கே ஒட்டப்படுகின்றன என்று கவனியுங்கள். பேருந்து நிலையத்தில் ஆண்கள் நின்று சிறுநீர் கழிக்கும் சுவர்களில்தான் அதிகம். போலி வைத்தியன்கூட இந்த நோய் ஆணுக்கு வருவது என்றே கணக்குப் போட்டிருக்கிறான்.

இதில் ஆத்திரப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. புதிதாக வந்த வெடிப்புகளில் பெரும்பாலானவை கத்தி இல்லாமலே ஆறிவிடும். நார்ச்சத்து, போதிய தண்ணீர், வெந்நீரில் உட்காருவது, தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பு. முதல் மாதமே வாயைத் திறந்து சொல்ல முடிந்திருந்தால் வேலை அவ்வளவுதான். வருடக்கணக்கில் 'வயித்து வலி' என்று சொல்லிக்கொண்டிருப்பதால்தான் அது கத்தி வரைக்கும் போகிறது.

எனக்கும் போனது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உள்சுருக்குத் தசையைப் பக்கவாட்டில் சிறிது வெட்டித் தளர்த்தினார்கள். இந்த அறுவை செய்தவர்களில் 10 பேரில் 9 பேருக்குப் புண் ஆறிவிடும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆனால் பெண்களுக்கு அந்தத் தசைவளையம் ஆண்களைவிடக் குட்டை. பிரசவத்தில் கிழிந்து தைத்திருந்தால் அது ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். வெட்டினால் வாயுவையும், சிலருக்கு மலத்தையும், அடக்க முடியாமல் போகலாம். ஆகவே வெட்டுவதற்கு முன் அவளுடைய பிரசவங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். என்னிடம் கேட்ட கேள்வி இன்சூரன்ஸ் அட்டை இருக்கிறதா என்பது. விடுப்பு விண்ணப்பத்தில் 'ஆசனவாய் வெடிப்புக்கு அறுவை' என்று எழுதியதும், "மேடம், வேற ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்று அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. முதுகலைக்கு இடக்கரடக்கல் நடத்துகிற தமிழ்த்துறைக்கே இந்த நிலை.

என் சிகிச்சை இருக்கட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாளைப் பற்றித்தான் பேச வேண்டும். மலம் கழித்த ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் இடுப்பு நனைய உட்காரவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும், காய்கறி பழம் சாப்பிடவும், அடக்க வேண்டாம், நெடுநேரம் உட்கார வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். அத்தனையும் சரியான அறிவுரை. என் வீட்டில் கீசர் இருக்கிறது, தாழ்ப்பாள் போட்ட குளியலறை இருக்கிறது, சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது. புண் ஆறியது.

இதே தாளைப் பழவேற்காட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், அதில் ஒரு வாய் குடிக்க முடியாது. நல்ல தண்ணீர் குடத்துக் கணக்கு. நாளைக்கு மூன்று முறை வெந்நீரில் உட்கார்ந்தால் ஒரு குடம் போய்விடும். அந்தக் குடத்தை மருமகள் தூக்கி வர வேண்டும், அடுப்பில் வைக்க வேண்டும், அவள் எதில் உட்காருவாள், எந்தக் கதவுக்குப் பின்னால்?

என் மாணவி ஒருத்தியின் அம்மா அங்கே மீன் விற்கிறார். எனக்கு முன்பே, அரசு மருத்துவமனையில், இதே அறுவை செய்துகொண்டவர். காசு எதுவும் ஆகவில்லை. "கத்தி சும்மா வெச்சாங்க டீச்சரம்மா, வெந்நீதான் கெடைக்கல" என்றார். அஞ்சாம் நாள் கூடையைத் தூக்கிவிட்டார். பொன்னேரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர், பேருந்தில் குலுங்கிக்கொண்டு. பிறகு தரையில் மணையைப் போட்டு அரிவாள்மனை முன்னால் குந்தியபடி மத்தியானம் வரைக்கும். "வீட்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? உப்புத்தண்ணில உக்காரச் சொன்னாங்கல்ல, ஏரியே உப்புத்தண்ணிதான, போய் நில்லுன்றாங்க." உப்பு அங்கே பெரிய வேலை எதுவும் செய்வதில்லை. சுத்தமான நீரின் சூடுதான் இறுகிய தசையைத் தளர்த்துகிறது. சேற்று நீரில் நின்றால் புண் வெந்துபோகும்.

அப்படி நிற்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களும் அதே கரையில்தான் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை இடுப்பளவு நீரில் மணிக்கணக்காக நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு. வாய் பேசுவதற்குக்கூடக் காலியாக இல்லை. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த முறையில் வலை போடலாம் என்று வகுப்பது பாடு முறை, அதில் பங்கு பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு. பெண்ணுக்கு ஏரியில் பாடு கிடையாது, பாடுதான் உண்டு. (தமிழில் இந்த ஒரு சொல் இரண்டு பொருளையும் தாங்குவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.)

கழிவறைக்கு வருவோம். 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியா திறந்தவெளியில் மலம் கழிப்பதிலிருந்து விடுபட்டுவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார். அறிவிப்பில் கணக்குக்கு வந்தவை கட்டடங்கள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள மணலில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். மழைக்காலத்தில் குழி நிரம்பி எதிர்த்து வரும். ஊற்றுவதற்கு நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில் அந்த அறையில் வலையையும் விறகையும் வைத்திருக்கிறார்கள். பெண்கள் இருட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் ஒரு முறை, பொழுது சாய்ந்த பின் ஒரு முறை. நடுவில் வந்தால் அடக்க வேண்டும். வரக்கூடாது என்பதற்காக மீன் ஏலத்துக்கும் சந்தைக்கும் போகிற நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த நோயை உண்டாக்க யாராவது ஒரு திட்டம் தீட்டியிருந்தால் இதைவிடப் பொருத்தமாகத் தீட்டியிருக்க முடியாது.

உறுப்பு அசிங்கம் என்பதால்தான் பேசுவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1686 நவம்பர் 18 அன்று பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்குப் பவுத்திர அறுவை நடந்தது. ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் அதற்காகப் புதுக் கத்தி செய்து, ஏழை நோயாளிகளின் உடம்பில் பழகிப் பார்த்துவிட்டு மன்னனிடம் வந்தார். மன்னன் பிழைத்தான், மருத்துவருக்குப் பரிசு கொட்டியது. நோயே இல்லாத அரசவைப் பிரபுக்கள்கூட எங்களுக்கும் அதே அறுவை வேண்டும் என்று நின்றார்கள். பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையில் டச்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. மன்னனுடைய குதம் அவையில் பேசப்பட்டது, வரலாற்றில் ஏறியது. பெயர் தெரியாத அந்த ஏழைகளின் குதம் பயிற்சிக்கு உதவியது. அவையல் கிளவி என்பது சொல்லைப் பொறுத்ததல்ல, ஆளைப் பொறுத்தது.

இன்னொரு வகை எதிர்ப்பு நம் பக்கத்து ஆண்களிடமிருந்தே வருகிறது. ஏரியே போகப்போகிறது, முகத்துவாரம் அடைபடுகிறது, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அதானி நிறுவனம் விரிவாக்கப் பார்க்கிறது, இந்த நேரத்தில் இதைப் பற்றியா எழுதுவது? தோழர்களே, அந்த விரிவாக்கத்தை எதிர்த்து மணிக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். அன்று அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா? ஏரியின் வாய் அடைபட்டால் உள்ளே எல்லாம் அழுகும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. உடம்பிலும் அதே கதைதான் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்.

கோழிக்கோட்டில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்தவர்களை விஜி பெண்கூட்டு என்ற அமைப்பில் திரட்டினார். அவர்கள் கேட்ட முதல் விஷயம் கழிவறை. பிறகு உட்கார நாற்காலி. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது, 2021இல் தமிழ்நாடும் இருக்கை உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் கடைக்குள் நிற்பவளுக்கு. சாக்கு விரித்துத் தெருவில் மீன் விற்பவளுக்கு முதலாளி இல்லை, கடை இல்லை, ஆகவே அவளுக்கு உடம்பும் இல்லை.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது தலைப்பைப் பார்த்தே கொதித்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அந்தச் சண்டையைத் தமிழ்ப் பெண்கவிகள் ஜெயித்தார்கள். முலையும் யோனியும் கவிதைக்குள் வந்தன. ஆசையோ வன்முறையோ தொட்ட உறுப்புக்கு மொழி கிடைத்துவிட்டது. உழைப்பும் வறுமையும் கிழித்த உறுப்புக்கு இன்னும் கிடைக்கவில்லை. எழுதுகிற மாணவிகளுக்கு இதை வேலையாகவே தருகிறேன்.

அதுவரை கேட்பதற்குச் சில இருக்கின்றன. மீன் ஏலம் நடக்கிற இடத்திலும் பொன்னேரிச் சந்தையிலும் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள பெண்கள் கழிவறை வேண்டும். அறுவையை இலவசமாகச் செய்கிற அரசு, அதற்குப் பின் அவள் கூடை தூக்காமல் இருக்க வேண்டிய நாட்களுக்குக் கூலியும் தர வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் தாளைத் தமிழில், குடத்துத் தண்ணீரில் வாழ்கிறவளை மனதில் வைத்து எழுத வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு கேள்வி சேர்க்க இடமிருக்கும்: மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, ரத்தம் போகிறதா? கேட்கிற பெண் தரையைப் பார்க்காமல் கேட்கட்டும்.