முழங்காலின் உரிமை



ஆறு மாதங்களுக்கு முன், மேட்டூர் நீர் வந்து குடமுருட்டி நிறைந்திருந்த வேளையில், எம் மத்ரஸாவின் பழைய மாணவர் ஒருவர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வலங்கைமான் வந்திருந்தார். முப்பது வயது இளைஞர். பள்ளிவாசலில் அவர் நாற்காலியில் அமர்ந்து தொழுவதைக் கண்டு திடுக்கிட்டேன்.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"ஹஜ்ரத், அயர்ன்மேன் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்தேன். இப்போது முழங்காலை மடக்க முடியவில்லை" என்றார்.

அது எத்தகைய பந்தயம் என்பதைச் சிலர் அறியாதிருக்கலாம். 1978-இல் ஹவாய்த் தீவில் 15 பேருடன் தொடங்கியது. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம், மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். நம் நாட்டில் 2019-இல் கோவாவில் இதன் பாதித் தொலைவுப் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. அதில் ஓட்டம் மட்டுமே 21.1 கி.மீ.; ஏறத்தாழ எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் போய்த் திரும்பும் தூரம்!

அவர் செய்த பிழைகள் இரண்டு. நாளொன்றுக்கு நான்கு கி.மீ. ஓடியவர், ஒரே மாதத்தில் அதைப் பதினைந்தாக்கினார்; வலித்தபோது மாத்திரை விழுங்கிவிட்டு மேலும் ஓடினார். இது முதற்பிழை. பின்னர் அஞ்சி, மூன்று மாதம் அசையாமலே இருந்துவிட்டார். இது இரண்டாம் பிழை.

இந்த இரண்டாம் பிழையை நானும் செய்தவன்தான். இருபது ஆண்டுகளாகத் தரையில் கால் மடித்து அமர்ந்து ஓதிக்கொடுப்பவன், வலிக்குப் பயந்து நடையையே விட்டேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. இயன்முறை மருத்துவர் ஒருவர்தாம் காரணத்தை விளக்கினார். தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் காலில் இறங்கும் பாரத்தின் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். உழைக்காத தசை மெலிகிறது. அதன் சுமையும் முழங்கால் மீதே விழுகிறது.

எனவே அந்த இளைஞரிடம் கூறினேன்: "ஓட்டத்தைச் சிறிது காலம் நிறுத்துங்கள், உடலை நிறுத்தாதீர்கள். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். மிதிவண்டியின் இருக்கை தாழ்ந்திருந்தால் உயர்த்துங்கள். ஆற்றுச் சுழலில் தனியே நீந்த வேண்டாம். நீச்சல் குளத்தில் நெஞ்சளவு நீரில் நடங்கள். அங்கே உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கால்களில் இறங்கும். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள்."

முழங்கால் வீங்கினாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நிலைதவறினாலோ இவற்றையெல்லாம் விடுத்து மருத்துவரிடம் செல்வதே முறை.

சென்னை மேயராக 2006 முதல் 2011 வரை இருந்த மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்காலில் பலத்த காயமுற்றவர். அவரே பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தார். பொறுமையுடன் பழக்கினால் கால் நமக்கு இசைகிறது.

நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திலேயே வரம்பு உண்டெனில், பந்தயத்தில் இல்லாமற் போகுமா? அளவு மீறி உழைப்பதும் அநீதி. அடியோடு ஓய்ந்திருப்பதும் அநீதி. படிக்கட்டைக் கண்டு அஞ்சி வீட்டு மூலையில் அமர்ந்துவிட்ட தாய்மார்களே, இது உங்களுக்கும்தான்!

சென்ற வாரம் அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், இன்று பஜ்ரில் தரையில் ஸஜ்தா செய்தேன்."

"அல்ஹம்துலில்லாஹ்! பந்தயம்?"

"இன்னும் பெயர் கொடுக்கவில்லை. இப்போது இரண்டு கி.மீ. ஓடுகிறேன்."

அந்த இரண்டு எனக்குப் போதுமானதாகத் தோன்றியது.