சீட்டை இறக்க ஒரு லீவர்: தேவையா, வெட்டிச் செலவா?

வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கடைக்காரர் வண்டியைக் கையில் கொடுத்ததும் பையன் சொல்கிற முதல் வார்த்தை, "அண்ணே, சீட்டைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க". அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுப்பார். கால் தரையில் எட்ட வேண்டும், அவ்வளவுதான் அந்த வயதில் தேவை. அதுவும் எட்டாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது குரங்குப் பெடல் :)

அந்த ஸ்பேனர் வேலையை, ஓடுகிற சைக்கிளில் இருந்தபடியே செய்து கொடுக்கும் சாமான்தான் ட்ராப்பர் சீட் போஸ்ட். ஹேண்டில்பாரில் ஒரு சின்ன லீவர். அதைக் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கும். எழுந்து நின்று மறுபடி அமுக்கினால் தானாக மேலே வந்துவிடும். மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் மத்தியில் பல வருடங்களாக இதைப் பற்றி ஒரு சண்டை உண்டு. பாதிப்பேர் "இது இல்லாமல் இனி ஓட்ட மாட்டேன்" என்பார்கள். மீதிப்பேர் "சும்மா பணம் பிடுங்குகிற வேலை" என்பார்கள்.

சீட்டை எதற்காக ஏற்றி இறக்க வேண்டும்? மேட்டில் ஏறும்போது பெடல் கீழே போகிற நேரத்தில் கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் தொடையின் பலம் முழுசாகப் பெடலுக்குப் போகும். சீட் தாழ்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் முழங்கால் வலிக்கும். ஆனால் அதே உயர்ந்த சீட் இறக்கத்தில் எதிரி. கல்லும் வேரும் நிறைந்த சரிவில் முன்சக்கரம் திடீரென்று ஒரு படி கீழே இறங்கும்போது ஓட்டுபவரின் உடம்பு தாழ்ந்து, கைகால்கள் மடங்கி, வண்டி அடியில் தனியாக ஆடுவதற்கு இடம் கொடுக்க வேண்டும். நடுவில் சீட் நின்றால்? பின்சக்கரம் எகிறும்போது சீட் பின்பக்கத்தில் ஒரு முட்டு முட்டும். ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். பல்லும் தோள்பட்டை எலும்பும் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆக ஏறுவதற்கு ஒரு உயரம், இறங்குவதற்கு ஒரு உயரம். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மவுண்டன் பைக் பிறந்த கலிபோர்னியாவின் மரின் கவுண்டியிலேயே இந்தப் பிரச்சினை இருந்தது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதையில் 1976-ல் ரீபேக் என்ற பந்தயம் தொடங்கியது. சுமார் மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பழைய ஷ்வின் சைக்கிள்களின் பின்சக்கர பிரேக், சூட்டில் கிரீஸ் எல்லாம் எரிந்துபோய்ப் புகையும். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயர். அந்தப் பந்தயக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ், தன் நண்பர் ஜாஷ் ஏஞ்சலுடன் சேர்ந்து 1980-களின் நடுவில் ஹைட்-ரைட் என்று ஒரு ஸ்பிரிங் கொண்டுவந்தார். சீட்டுக்குக் கீழே உள்ள குவிக் ரிலீஸைத் தளர்த்தினால், ஓட்டுபவரின் எடையில் சீட் இறங்கும். மறுபடி தளர்த்தினால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே தூக்கிவிடும். யோசித்துப் பார்த்தால் இன்றைய ட்ராப்பரின் தாத்தா அதுதான். பிறகு எடை குறைப்பு என்கிற பைத்தியம் பிடித்ததும் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2000-களில் கிராவிட்டி ட்ராப்பர் போன்றவை வந்தன. 2010-ல் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் ரிவெர்ப் வந்த பிறகுதான் பரவலாகப் பேச ஆரம்பித்தார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் முதலாவது எடை. சாதாரண சீட் போஸ்ட் 200-லிருந்து 300 கிராம். ட்ராப்பர், லீவர் கேபிளோடு சேர்த்து 500-லிருந்து 700 கிராம் வரை போகும். அதாவது கூடுதலாக அரைத் தண்ணீர் பாட்டில். சம்பளத்துக்குப் பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு வந்து மூன்று பரோட்டா சாப்பிடுபவருக்கு எந்த விதத்தில் பெரிய விஷயம் என்று புரியவில்லை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. "திறமை இருந்தால் இதெல்லாம் தேவையில்லை, அந்தக் காலத்தில் சீட்டுக்குப் பின்னால் போய்த் தொங்கிக்கொண்டு இறங்கினோம்" என்பார்கள் பழையவர்கள். இறங்கினார்கள், உண்மைதான். ஆனால் அது திறமையா அல்லது வேறு வழியில்லாததால் வந்த பழக்கமா? சீட்டுக்குப் பின்னால் தொங்கும்போது கை இரண்டும் நீட்டிக்கொண்டுவிடும், மடங்க இடம் இருக்காது. முன்சக்கரத்தின் மீது எடை குறையும். எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, அது திரும்பச் சொன்ன பக்கம் திரும்பாமல் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். பிரேக்கும் சரியாக நிற்காது, ஏனென்றால் சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். சீட் இறங்கியிருந்தால் ஓட்டுபவர் பின்னால் ஓட வேண்டியதில்லை, வண்டியின் நடுவிலேயே தாழ்ந்து நிற்கலாம். வளைவில் உடம்பை நேராக வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் சாய்க்கலாம். சொல்லப்போனால் அந்தத் திறமையைக் கற்றுக்கொள்வதற்கே சீட் இறங்கியிருக்க வேண்டும். நீச்சல் கற்கப் போகிறவனை வேட்டியோடு குதிக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது இந்த வாதம்.

மூன்றாவது, "இறங்கி, கையால் சீட்டைத் தாழ்த்திவிட்டுப் போனால் என்ன? குவிக் ரிலீஸ் நூறு ரூபாய் சமாசாரம்". கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே பெரிய ஏற்றம், ஒரே பெரிய இறக்கம் என்றால் இதுவே போதும். ட்ராப்பருக்குச் செலவு செய்வது வீண். ஆனால் மவுண்டன் பைக் பாதைகள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. வேல்ஸில் கோயட் ஒய் பிரெனின், ஸ்காட்லாந்தில் கிளென்ட்ரெஸ் போன்ற இடங்களில் காட்டுக்குள் போட்டிருக்கும் பாதைகள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் பத்து இறக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தாழ்த்த ஒரு தடவை, உயர்த்த ஒரு தடவை, ஆக இருபது தடவை நிற்க வேண்டும். தடவைக்கு அரை நிமிடம் என்றாலும் பத்து நிமிடம்தான். காகிதத்தில் பார்த்தால் பத்து நிமிடத்துக்காக இவ்வளவு பணமா என்று தோன்றும்.

இங்கேதான் கணக்கு தப்பாகிறது. யாருமே இருபது தடவை நிற்பதில்லை. முதல் இரண்டு இறக்கத்துக்கு நிற்பார்கள். மூன்றாவதில் நண்பர்கள் முன்னால் போய்விட்டார்கள், "பரவாயில்லை, சின்ன இறக்கம்தானே" என்று உயர்ந்த சீட்டோடு இறங்குவார்கள். நான்காவதும் அப்படியே. களைத்துப்போய், கை மரத்துப்போய், கடைசி இறக்கத்தில் கவனம் குறைகிற நேரத்தில் சீட் முழு உயரத்தில் நிற்கும். ட்ராப்பர் மிச்சப்படுத்துவது அந்தப் பத்து நிமிடத்தை அல்ல. "இந்த ஒரு தடவை பரவாயில்லை" என்கிற முடிவை எடுக்க வேண்டிய அவசியத்தையே அது எடுத்துவிடுகிறது. பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறாத செலவு இது. ஆஸ்பத்திரி பில் வரும்போதுதான் தெரியும்.

எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் விஷயம் என்பதற்கு இரண்டு உதாரணம். டவுன்ஹில் பந்தய சைக்கிளில் ட்ராப்பர் இருப்பதில்லை. லிஃப்டில் மேலே போய் இறங்க மட்டுமே செய்வதால் சீட் எப்போதும் தாழ்ந்தே இருக்கும், சாதாரண போஸ்ட் போதும். ஆனால் 2013-ல் எண்டூரோ வேர்ல்டு சீரிஸ் என்ற பெயரில் தொடங்கிய தொடர் மாதிரிப் போட்டிகளில் சொந்தக் காலால் மிதித்து ஏறவும் வேண்டும், நேரம் குறிக்கும் இறக்கத்தில் பறக்கவும் வேண்டும். அங்கே ட்ராப்பர் இல்லாத வண்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 2022 மார்ச்சில் நடந்த மிலான்-சான் ரெமோ, சுத்தமான தார்ச்சாலைப் பந்தயம், 293 கிலோமீட்டர். கடைசியில் போஜ்ஜோ என்ற சின்னக் குன்றில் ஏறி, வளைந்து வளைந்து இறங்கினால் ஊர். ஸ்லோவேனியாவின் மடெய் மொஹோரிச் தன் ரேஸ் சைக்கிளில் ட்ராப்பர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முந்தைய வருடம்தான், ஃப்ரேமின் மேல்குழாயில் உட்கார்ந்து குனிந்து இறங்குவதைச் சர்வதேச சைக்கிள் சங்கம் தடை செய்திருந்தது. சீட்டையே இறக்குவதற்குத் தடை இல்லை! அந்த இறக்கத்தில் எல்லோரையும் விட்டுவிட்டுப் போய் ஜெயித்தார், கோட்டைத் தாண்டும்போது கையால் அந்தப் போஸ்டைச் சுட்டிக் காட்டினார். அடுத்த வாரமே எல்லோரும் வாங்கிவிடுவார்கள் என்று எழுதினார்கள். வாங்கவில்லை. சாலைப் பந்தயத்தில் அது வருடத்தில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு இறக்கத்துக்குப் பயன்படலாம். மீதி நாளெல்லாம் சுமை.

சரி, பணம். இங்கே எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். 2019-ல் வந்தபோது வயர்லெஸ் ரிவெர்ப் அமெரிக்காவில் 800 டாலராக இருந்தது. கேபிளே கிடையாது, பேட்டரியும் ரேடியோவும் வைத்தது. ஒரு சீட்டை ஏற்றி இறக்க ஒரு லேப்டாப் விலையா! சாதாரண கேபிள் வைத்த போஸ்ட்கள் அதில் நாலில் ஒரு பங்குக்கும் கிடைக்கின்றன, சீட்டும் அதே மாதிரிதான் இறங்குகிறது. கேபிள் அறுந்தால் கியர் கேபிளையே மாட்டிக்கொள்ளலாம், தெருமுனைக் கடையில் கிடைக்கும். ஹைட்ராலிக் லீவர் என்றால் ஆயில் மாற்ற வேண்டும், காற்றுக் குமிழி எடுக்க வேண்டும். விலை குறைந்த போஸ்ட்களில் உள்ளே சீல் செய்த கேஸ் கார்ட்ரிட்ஜ் இருக்கும். கெட்டுப்போனால் பழுது பார்க்க முடியாது, முழுசாக மாற்ற வேண்டியதுதான். தேய்மானம் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் மட்டும் இருக்கிற மாணவர் என்றால்? முதலில் நல்ல டயர், அடுத்து நல்ல பிரேக், அதற்கப்புறம் ட்ராப்பர். வழுக்குகிற டயரில் சீட்டை மட்டும் இறக்கி என்ன பிரயோஜனம்? இங்கே எம்டிபி என்ற பெயரில் வாங்கி டியூஷனுக்கும் டீக்கடைக்கும் ஓட்டுகிற வண்டிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஆனால் டயரும் பிரேக்கும் சரியாக இருக்கிற, வாராவாரம் காட்டுப் பாதையில் ஏறி இறங்குகிற ஒருவர் அடுத்த செலவாக விலை உயர்ந்த ஃபோர்க்கோ கார்பன் ஹேண்டில்பாரோ வாங்க நினைத்தால், அதை நிறுத்திவிட்டு ட்ராப்பர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

வாங்குவதற்கு முன் சீட் டியூப்பின் உள் விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். 27.2, 30.9, 31.6, 34.9 என்று நாலைந்து அளவு உண்டு, அரை மில்லிமீட்டர் தப்பினாலும் நுழையாது. போஸ்ட் உள்ளே எவ்வளவு ஆழம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும், சில ஃப்ரேம்களில் பாட்டில் ஸ்டாண்டின் போல்ட்டே வழிமறிக்கும். மாட்டிய பிறகு ஒரு விஷயம்: ஹைட்ராலிக் வகையாக இருந்தால், சீட் இறங்கியிருக்கும்போது சீட்டைப் பிடித்து வண்டியைத் தூக்கக் கூடாது, உள்ளே காற்று இழுத்துக்கொண்டு சீட் ஸ்பஞ்ச் மாதிரி அமுங்க ஆரம்பித்துவிடும்.

பஸ் மேலே சைக்கிள் ஏற்றிவிடுகிற அண்ணனிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, அவர் முதலில் பிடிப்பதே சீட்டைத்தான்.