வேலை இல்லையென்றால் பங்கு

நெய்வேலிச் சுரங்கத்தில் சுழலும் ராட்சத சக்கர இயந்திரத்தில் ஒரு வாளியின் கொள்ளளவே 1,400 லிட்டர். எத்தனை மண்வெட்டிகளின் வேலை அது! 1956-இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.க்கு நிலம் கொடுத்த ஊர்கள் இன்றும் கேட்பது வீட்டுக்கொரு நிரந்தர வேலை. 2023 ஜூலையில் அந்த ஊர்களில் ஒன்றான வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்லுக்குள் என்.எல்.சி.யின் பொக்லைன் இறங்கியபோதும் அதே கோரிக்கைதான். அதே மாதம் என்.எல்.சி.யின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

கேட்பது நியாயம். ஆனால் இயந்திரம் பெருகப் பெருக வேலை சுருங்கும். வெட்டும் நிலக்கரி சுருங்காது. அதனால் ஆளுக்கு வேலை என்பதோடு டன்னுக்கு இவ்வளவு என்று ஊருக்கும் பங்கு வேண்டும். 2015 கனிமச் சட்டத் திருத்தத்தில் வந்த, சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறதே, அதைச் சாலைக்கும் கட்டடத்துக்கும் கொட்டித் தீர்ப்பானேன்? நிலமிழந்த வீட்டுக்கு மாதாமாதம் கொடுக்கலாம். அதற்குச் சட்டம் இடிக்கிறது என்றால் சட்டத்தைத் திருத்தட்டும்.

பக்கத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இந்த வழியும் இல்லை. அறுவடை இயந்திரம் வாங்க அரசு மானியம் தருகிறது. அரிவாளைக் கீழே வைக்கிறவருக்கு?